டி.வி.டி. பெட்டியின் குணமும் குற்றமும்

சில மாதங்களுக்கு முன் தில்லியில் என் அடுத்த வீட்டில் வசிக்கும் அம்மையார் ஒருவர், பழைய சேலைத் துணியில் ஒரு பெட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். துணியை அவிழ்த்தால் உள்ளே ஒரு டி.வி.டி. பெட்டி. "தம்பி, இது இனிமேல் தேறுமா? கபாடிவாலா எண்பது ரூபாய் தருகிறேன் என்கிறான். போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

எண்பது ரூபாய்க்காக அவர் என்னிடம் வரவில்லை என்பது சற்று நேரத்தில் விளங்கிவிட்டது. பெட்டியோடு ஒரு தட்டையும் கொண்டுவந்திருந்தார். 2006-இல் திருநெல்வேலியில் நடந்த அவர் மகளின் கல்யாணத் தட்டு அது. அதில் அவருடைய கணவர் மணமக்களை வாழ்த்திச் சில வார்த்தைகள் பேசுகிறார். கணவர் 2011-இல் காலமாகிவிட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பெட்டியோ தட்டைப் போட்டால் சிறிது நேரம் சுழற்றிவிட்டு, 'தட்டு இல்லை' என்று சொல்கிறது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த புதிய தொலைக்காட்சியில் அந்தப் பெட்டியின் கம்பிகளைச் செருக இடமும் இல்லை.

அன்பர்களே, இந்த அம்மையாரின் சங்கடம் அவருக்கு மட்டும் உரியது அன்று. மும்பை, கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர், பிலாய், ஆமதாபாத் என்று பல ஊர்களில் நம்மவர் வீட்டு அலமாரிகளில் இத்தகைய பெட்டியும், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய தட்டுகளும் இருக்கின்றன. தமிழ்ப் படம் ஓடும் கொட்டகை அருகில் இல்லாத ஊரில், தமிழ்ப் பேச்சு குழந்தைகளின் காதில் விழுந்தது பெரும்பாலும் இந்தத் தட்டுகளால்தான். ஆகவே, விலை மலிந்த டி.வி.டி. பெட்டி எப்படிப்பட்டது, அதை எந்த அளவுக்குத் திருத்தி அமைத்துக்கொள்ளலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

டி.வி.டி. தட்டு முதன்முதலில் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் அதற்கு முன்னமே வி.சி.டி. பரவிவிட்டது. ஒரு படத்தைப் பார்க்க இரண்டு அல்லது மூன்று வி.சி.டி.க்கள் வேண்டும், கதை உச்சத்தில் இருக்கும்போது எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டும். டி.வி.டி.யின் ஓர் அடுக்குத் தட்டில் 4.7 ஜி.பி., இரண்டு அடுக்குத் தட்டில் 8.5 ஜி.பி. அளவு செய்தி அடங்கும். முழுப் படமும் ஒரே தட்டில் அடங்கிவிடும், உருவமும் தெளிவு. வி.சி.டி.யின் படம் 352-க்கு 288 புள்ளிகள்; டி.வி.டி.யில் நம் நாட்டு முறைப்படி 720-க்கு 576 புள்ளிகள். ஏறக்குறைய நான்கு மடங்கு.

இருந்தும் தட்டின் விலை அதிகமாயிருந்ததால் பலர் தயங்கினர். தில்லியை அடுத்த நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் தொழிற்சாலைகள் வைத்திருந்த மோசர் பேயர் நிறுவனம் 2007-இல் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொடுக்க முன்வந்தபோது நிலைமை மாறியது. தமிழ்ப் படங்களும் அந்த விலையில் வந்தன. அந்த நிறுவனம் 2018-இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அது வெளியிட்ட தட்டுகளோ இன்னும் நம் அலமாரிகளில் உள்ளன. நான் முதல் பெட்டி வாங்கியதும் 2007-இல்தான். தில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் கேள்விப்படாத பெயர். கடைக்காரர் பக்கத்தில் மூன்று வேறு பெயர்களில் மூன்று பெட்டிகளை அடுக்கி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அது அலட்சியம் என்று அன்று எண்ணினேன். பிறகு மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் அவர் உண்மையைச் சொன்னார் என்று தெரிந்தது.

அந்த மலிவுப் பெட்டிகளின் வயிறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம், வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட், 12 வோல்ட் என்று குறைத்துத் தரும் சிறிய பலகை. நடுவில் தட்டை ஏந்தும் இழுப்பறையும், சுழற்றும் மோட்டாரும், தட்டைப் படிக்கும் கண்ணும். மறுபக்கம் எல்லாவற்றையும் நடத்தும் பெரிய சர்க்யூட் போர்டு. அதன் மத்தியில் ஒரே ஒரு பெரிய சிப். தைவானின் மீடியாடெக் நிறுவனம் செய்த எம்.டி.1389 என்னும் சிப்பை எத்தனையோ பெயர்ப் பெட்டிகளில் நான் கண்டிருக்கிறேன். சிப் ஒன்றாக இருப்பதால் குணமும் குற்றமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு பெட்டிக்குக் கற்ற வைத்தியம் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் பலிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த பெட்டிகளைவிட மலிவுப் பெட்டிகளே பல விஷயங்களில் தாராளமாக நடந்துகொண்டன. பெருநிறுவனத்தின் பெட்டி தனக்குப் பழக்கமான தட்டை மட்டும் ஏற்கும். மலிவுப் பெட்டியோ வி.சி.டி., பாட்டுத் தட்டு, எம்.பி.3 நிரப்பிய தட்டு, புகைப்படத் தட்டு என்று எதைப் போட்டாலும் முயன்று பார்க்கும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் பாட்டு. ஒரு டி.வி.டி.யில் எம்.பி.3 முறையில், நொடிக்கு 128 கிலோபிட் அளவில் நிரப்பினால், ஏறக்குறைய 80 மணி நேரம் சங்கீதம் கேட்கலாம். மார்கழிக் கச்சேரிகளுக்குப் போக முடியாத ஊரில் இருக்கும் ரசிகருக்கு இது சிறிய காரியமா?

இனி, பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடிய மாற்றங்களைப் பார்ப்போம். ரிப்பேர்க் கடைக்கு வரும் பெட்டிகளில் கணிசமானவற்றுக்கு நோய் எதுவும் இல்லை. ரிமோட்டில் குழந்தைகள் எதையோ அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். ரிமோட்டில் 'வி-மோட்' என்றொரு பொத்தான் உண்டு. படம் எந்தக் கம்பி வழியே வெளியேற வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நாம் மஞ்சள் கம்பியைச் செருகியிருக்க, பெட்டி வேறு முறைக்கு மாறிவிட்டால், திரை இருண்டுபோகும் அல்லது கோடு கோடாகக் கலங்கும். ஒலி மட்டும் கேட்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யுமுன் அந்தப் பொத்தானைச் சில நொடி இடைவெளி விட்டு நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

அதற்கு உடன்பிறந்த தொல்லை, படம் வண்ணம் இழந்து கறுப்பு வெள்ளையாகத் தெரிவது. நம் நாடு பின்பற்றியது பால் என்னும் முறை. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றியது என்.டி.எஸ்.சி. என்னும் முறை. வெளிநாட்டில் வெளியான தமிழ்ப் படத் தட்டுகள் பல பின்னதில் உள்ளன. பழைய தொலைக்காட்சி அதை அறியாவிட்டால் நிறம் போய்விடும், சில சமயம் படம் உருளவும் செய்யும். ரிமோட்டில் 'பி/என்' என்று குறித்த பொத்தானை அழுத்திப் பால் முறைக்கு மாற்றினால் பெட்டியே மொழிபெயர்ப்பு வேலையைச் செய்துவிடும்.

திரையின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய நம் படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்னும் சதுரப் பாங்கில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சியோ பதினாறுக்கு ஒன்பது என்னும் நீள்சதுரம். அதை நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்தால், ஒல்லியான கதாநாயகியும் ஓர் இரவில் பருத்துப்போகிறாள். பலர் இதைப் பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டு பார்ப்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். பெட்டியின் அமைப்புப் பட்டியலில் திரை வடிவத்தைத் தொலைக்காட்சிக்கு ஏற்பப் '16:9' என்று வைத்து, பழைய படம் பார்க்கும்போது தொலைக்காட்சியின் ரிமோட்டில் '4:3' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். அது குறையல்ல, படம் எடுத்தவர் கண்ட அளவு அதுவே.

ஒலியிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. சண்டைக் காட்சி வீடு அதிர ஒலிக்கிறது, வசனமோ முணுமுணுப்பாகக் கேட்கிறது என்று பலர் குறைபடுகின்றனர். காரணம், தட்டில் ஒலி ஆறு பெட்டிகளுக்கென்று பிரித்துப் பதிவாகியிருக்கிறது. வசனம் பெரும்பாலும் நடுப் பெட்டிக்கு உரியது. நம் வீட்டில் இருப்பது இரண்டு. ஒலி அமைப்பில் 'டவுன்மிக்ஸ்' என்பதைத் தேடி 'ஸ்டீரியோ' என்று வைத்தால் நடுப் பெட்டியின் வசனம் இரண்டிலும் கலந்து வரும். அங்கேயே 'டி.ஆர்.சி.' என்றொன்று இருக்கும். அது உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும். அடுக்கு மாடி வீட்டில் இரவு பத்து மணிக்குப் படம் பார்ப்பவருக்கு இதைவிட உபகாரமான வசதி வேறில்லை.

சற்றுப் பிந்தி வந்த பெட்டிகளில் யு.எஸ்.பி. துளை உண்டு. பென் டிரைவைச் செருகிப் பார்க்கலாம். ஆனால் அதைப் 'ஃபேட் 32' என்னும் முறையில் ஒழுங்கு செய்திருக்க வேண்டும். அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யை எட்டக் கூடாது. கணினியில் பயன்படும் ஹார்டு டிஸ்க்கை இதில் செருகுவது வீண் முயற்சி; அதைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் தர இந்தத் துளைக்குச் சக்தி போதாது. இன்னொரு குறை நம் நெஞ்சைச் சற்றுத் தொடுவது. நான் பார்த்த பெட்டிகள் எதிலும் தமிழ் எழுத்து இல்லை. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் திரையில் வெறுங்கோடுகள் தெரிகின்றன. ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண் இட்டுப் பெயர் வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தென்படவில்லை.

இப்பொழுது மிகவும் பேசப்பட்ட திருத்தத்துக்கு வருகிறேன். டி.வி.டி. செய்தவர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்காவும் கானடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூர், மலேசியா முதலிய தென்கிழக்கு ஆசிய நாடுகள் 3, ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் 4, இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. விமானம், கப்பல் போன்றவற்றுக்கென்று 8. ஒரு மண்டலத் தட்டு மற்றொரு மண்டலப் பெட்டியில் ஓடாது. திரைப்படம் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு நாளில் வெளியாவதால் வியாபாரத்தைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு. வியாபாரிக்கு இது நியாயமாகத் தோன்றலாம். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஆசையோடு வாங்கிக் கொடுத்த தட்டு ஓடாதபோது அந்த நியாயம் நமக்கு விளங்குவதில்லை. தட்டின் உறையில் பூகோள உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். வாங்குமுன் அதைப் பார்ப்பது நல்லது. எல்லா மண்டலத்துக்கும் பொதுவான தட்டுகளும் உண்டு.

மலிவுப் பெட்டிகளைச் செய்தவர்கள் ஒரே சரக்கை உலகமெங்கும் அனுப்ப வேண்டியிருந்ததால், மண்டல எண்ணை ஒரு மறைவுப் பட்டியலில் வைத்தார்கள். அமெரிக்காவில் 2000-இல் விற்ற அபெக்ஸ் ஏ.டி.-600ஏ என்னும் பெட்டி இதனாலேயே பெயர் பெற்றது. அதன் மறைவுப் பட்டியலில் மண்டலப் பூட்டை மட்டுமின்றி, நாடாவில் நகல் எடுப்பதைத் தடுக்கும் காவலையும் நீக்க முடிந்தது. செய்தி பரவியதும் ஜனங்கள் கடைகளை மொய்த்தார்கள். பிறகு வந்த பெட்டிகளில் நிறுவனம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் விற்ற பல பெட்டிகள் முதலிலேயே பூட்டு நீக்கப்பட்டு வந்தவைதாம். பூட்டு உள்ளதானால், இழுப்பறையைத் திறந்து வைத்தோ, அமைப்புப் பட்டியலில் நின்றோ, ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் மறைவுப் பட்டியல் தோன்றும். எண் வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடும். பட்டியல் வந்ததும் மண்டல எண் ஒன்றைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பூஜ்யம் என்று வைத்தால் எல்லாத் தட்டும் ஓடும் என்பது பொது விதி. 2000-க்குப் பின் வந்த அமெரிக்கத் தட்டுகள் சில, பூஜ்யப் பெட்டியைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். அப்போது 1 என்றே வைக்க வேண்டும்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பக் காவலை உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் வீட்டில் பார்ப்பது ஒன்று. அதைப் பிரதியெடுத்து விற்பது வேறொன்று. இரண்டாவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

'ஃபர்ம்வேர்' எனப்படும் உள் ஏற்பாட்டைப் புதிதாக எழுதிக்கொள்வது மற்றொரு திருத்தம். அதைக் குறுந்தட்டில் பதித்துப் பெட்டியில் போட்டால் தானே எழுதிக்கொள்ளும். எழுதும்போது மின்சாரம் போய்விட்டால் பெட்டி ஊமையாகிவிடும். பெயர் ஒன்றாயிருந்தும் உள்போர்டு வேறாயிருந்தால் முடிவு அதுவே. ஓடுகிற பெட்டிக்கு இதைச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான் ஒரு பெட்டியை இப்படி இழந்திருக்கிறேன்.

சரி, பெட்டியைத் திறப்போம். திறக்குமுன் கம்பியைச் சுவரிலிருந்து உருவுங்கள். உருவிய பின்னும் சற்று நேரம் பொறுங்கள். மின்பலகையில் உள்ள பெரிய கண்டென்ஸர் சுமார் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். கைபட்டால் தூக்கி எறியும். பெட்டி ஓடும்போது படிக்கும் கண்ணுக்கு நேராக நம் கண்ணை வைக்கவும் கூடாது. டி.வி.டி.க்கான லேசர் 650 நானோமீட்டர்ச் சிவப்பு ஒளி, சி.டி.க்கான 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தென்படாதது, ஆகவே அதிக ஆபத்தானது. இதற்கெல்லாம் துணிவில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நன்று.

இரண்டு லேசர்கள் ஒரே லென்ஸுக்குப் பின்னால் இருக்கின்றன என்பதை அறிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. வி.சி.டி. ஓடுகிறது, டி.வி.டி. ஓடவில்லை என்றால், மோட்டாரும் போர்டும் பெரும்பாலும் நலம். சிவப்பு லேசர் மங்கிவிட்டது அல்லது லென்ஸில் அழுக்கு. சி.டி.யில் வரிக்கு வரி இடைவெளி 1.6 மைக்ரான், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே, சி.டி. சகித்துக்கொள்ளும் தூசியை டி.வி.டி. சகிப்பதில்லை. தூய ஐஸோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, உதறி, அழுத்தாமல் ஒரு முறை துடைத்தால் போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது என்பதை மறவாதீர்கள்.

துடைத்தும் தெளியாவிட்டால் கண்ணையே மாற்ற வேண்டும். கடைத்தெருவில் இதற்கு 'லென்ஸ்' என்றே பெயர். கண்ணாடித் துளியை மட்டுமல்ல, லேசர், அதன் தாங்கி, நாடாக் கம்பி எல்லாம் சேர்ந்ததை அப்படிச் சொல்கிறார்கள். ஹிந்தி தெரியாத புதியவர்களும் அந்த ஒரு சொல்லைச் சொல்லி வாங்கிவிடலாம். பழைய லென்ஸின் மேல் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போங்கள், எஸ்.எஃப்-எச்.டி.62 என்பது மலிவுப் பெட்டிகளில் அடிக்கடி காண்பது. தில்லியில் லாஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, ஹைதராபாத்தில் கோட்டி குஜராத்தி கல்லி என்று ஒவ்வோர் ஊருக்கும் இப்படி ஒரு தெரு உண்டு. சென்னைக்கு ரிச்சி தெரு இருப்பதுபோல. சில வகைப் புது லென்ஸில், நிலைமின்சாரத்தால் கெடாதிருக்க ஒரு சிறு ஈயப் புள்ளி வைத்திருப்பார்கள். பொருத்திய பின் அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, புது லென்ஸும் கெட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

இங்கே ஒரு பொல்லாத திருத்தத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். லென்ஸின் பக்கத்தில் ஊசிமுனை அளவு திருகு ஒன்று இருக்கும். லேசரின் சக்தியைத் தீர்மானிப்பது அது. சில மெக்கானிக்குகள் புது லென்ஸ் போடுவதற்குப் பதிலாக அதைச் சிறிது திருகிவிடுவார்கள். மங்கிய லேசர் பிரகாசமாகும், தட்டு ஓடும், நாமும் மகிழ்ந்து காசு கொடுத்துவிட்டு வருவோம். சில வாரங்களில் லேசர் முழுவதும் எரிந்துபோகும். அணையப் போகும் விளக்குக்குத் திரியைத் தூண்டுவது போன்ற வேலை. 'லென்ஸை மாற்றினீர்களா, பழையதைக் காட்டுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டி அடியோடு உயிரற்றுக் கிடந்தால் மின்பலகையைப் பாருங்கள். உருளை வடிவக் கண்டென்ஸர்களில் ஏதேனும் தலை உப்பியிருந்தால் அதுவே குற்றவாளி. 10 வோல்ட் தாங்கும் பழையதற்குப் பதில், அதே மைக்ரோஃபேரட் அளவில், 16 வோல்ட்டும் 105 டிகிரியும் தாங்கும் கண்டென்ஸர் போட்டால் நெடுநாள் உழைக்கும். செலவு சில ரூபாய்தான். இழுப்பறை வெளியே வர மறுத்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் கொஞ்ச நாள் இறுக்கம் தரும். அதற்குள் புதிது வாங்கிவிட வேண்டும்.

புதிய தொலைக்காட்சியோடு இணைப்பதுதான் இன்றைய பெரிய கேள்வி. மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லாவிட்டாலும், பல தொலைக்காட்சிகளில் 'ஏ.வி.' என்று குறித்த ஒற்றைச் சிறு துளை இருக்கும். அதற்கென்று தனிக் கம்பி உண்டு. அதிலும் ஒரு குழப்பம்: கம்பியின் வளைய வரிசையில் எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றவில்லை. மஞ்சளை மஞ்சளில் செருகியும் படம் வராவிட்டால், சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் செருகிப் பாருங்கள். அந்தத் துளையும் இல்லையென்றால் ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் தீப்பெட்டி போன்ற சிறு கருவியை வாங்கலாம். எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்கும் கருவியும் உருவத்தில் அச்சாக அதைப் போலவே இருக்கும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஏ.வி. உள்ளே, எச்.டி.எம்.ஐ. வெளியே என்று கருவியின் மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கு 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும். கைப்பேசிச் சார்ஜர் போதும்.

அந்த அம்மையாரின் காரியத்துக்கு வருகிறேன். பெட்டியைத் திறக்குமுன் நான் தட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். கடையில் வாங்கும் சினிமாத் தட்டு அச்சில் வார்த்தது. கல்யாணத் தட்டு அப்படியன்று; சாயப் பூச்சு ஒன்றில் லேசரால் சுட்டு எழுதியது. வெயிலும் புழுக்கமும் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். பெட்டி போனால் வேறு பெட்டி கிடைக்கும். சாயம் போனால் எழுத்து போனதுதான். ஆகவே, முதலில் கணினியில் பிரதி எடுக்க முயன்றேன். என் கணினியின் டிரைவ் பாதியில் நின்றுவிட்டது. நண்பர் ஒருவரின் பழைய டிரைவில், வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டினேன். ஒரு டிரைவ் படிக்காததை மற்றொன்று படிப்பது இத்துறையில் சாதாரணம். மாலை நாலு மணிக்குத் தொடங்கியது இரவு பதினொன்றுக்கு முடிந்தது. 'வி.ஓ.பி.' என்று முடியும் கோப்புகள் நான்கு வந்தன. ஒவ்வொன்றும் 1 ஜி.பி.க்கு மேற்போகாமல் துண்டாக்குவது டி.வி.டி.யின் வழக்கம். இரண்டாவது கோப்பில் பந்தி பரிமாறும் இடத்தில் சில நொடிகள் உடைந்திருந்தன. வாழ்த்துரை மூன்றாவதில் இருந்தது, பழுதில்லாமல் வந்துவிட்டது. ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று என் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று புணேயில் இருக்கும் மகளுக்கு.

இவ்வளவு போதுமே, பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவரோ, பென் டிரைவைப் போட்டுப் பெயரைத் தேடி அம்புக்குறியை நகர்த்தும் வேலை தமக்கு ஒத்துவராது என்றார். தட்டைப் போட்டு மூடினால் தானே ஓடுகிற பெட்டிதான் வேண்டும். நியாயமான கோரிக்கை. லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் லென்ஸும் பெல்ட்டும் வாங்கிப் பொருத்தினேன்; எச்.டி.எம்.ஐ. கருவியையும் இணைத்தேன். மூலத் தட்டை உறையில் இட்டு அலமாரியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துவிட்டு, அன்றாடம் பார்க்கப் புதுத் தட்டு ஒன்றில் பிரதி எழுதிக் கொடுத்தேன். தட்டின்மேல் காகித லேபிள் ஒட்டவில்லை. ஒட்டினால் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும். பசையும் நாளடைவில் தட்டைக் கெடுக்கும். நடுத்துளையை ஒட்டிய கண்ணாடிப் பகுதியில் பேனாவால் தேதி மட்டும் எழுதினேன்.

தட்டு ஓடியது. கணவர் பேசியது ஏழெட்டு வாக்கியம் இருக்கலாம். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு முடிந்ததும், பின்னால் போக எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். ரிமோட்டில் அந்தப் பொத்தானின்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். 'வி-மோட்' பொத்தானின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

பெட்டி கபாடிவாலாவிடம் போகவில்லை. அதற்குப் பழைய பட்டுத் துணியில் உறை ஒன்று தைத்துப் போட்டிருக்கிறார். காற்றுப் போகும் துளைகள் பக்கவாட்டில் இருப்பதால், ஓடும்போது உறையை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.